சுவர் தடித்தால் மட்டும் போதாது: உயர் அழுத்தக் கலன்களின் எச்சத் தகைவு குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் தடித்த சுவர் கொண்ட உயர் அழுத்தக் கலன்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். பலரும் தொடாத பொருளை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு கருத்துகளைத் திருத்தியாக வேண்டும். அழுத்தம் கூடக்கூடச் சுவரைத் தடிப்பாக்கினால் போதும் என்பது ஒன்று. பயன்பாட்டுக்கு முன் ஒருமுறை மிகை அழுத்தம் கொடுக்கும் ஆட்டோஃப்ரெட்டேஜ் முறைக்கு உட்பட்ட கலனின் உட்சுவரில் தங்கும் அமுக்கத் தகைவை (தகைவு என்பது பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) கணினி துல்லியமாகச் சொல்லிவிடும் என்பது இன்னொன்று. முதலாவது தவறு. இரண்டாவது பாதி உண்மைதான். இந்தத் துறையில் விபத்துக்கு வழிவிடுவது பெரும்பாலும் அந்த மறுபாதியே.

உணவைச் சூடாக்காமல் பதப்படுத்தும் கலன்கள் 600 மெகாபாஸ்கல் அளவில் இயங்குகின்றன. பாலிஎத்திலீன் தயாரிக்கும் குழாய் உலைகளில் 200 முதல் 300 வரை, நீர்த்தாரையால் உலோகம் வெட்டும் இயந்திரங்களின் உருளைகளில் பொதுவாக 400 வரை அழுத்தம் ஏறுகிறது. 400 மெகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 4,000 வளிமண்டல அழுத்தம். கட்டுரையின் முதல் கருத்தை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்ப்போம். உள் ஆரம் 40 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ. உள்ள உருளை, எஃகின் ஈல்டு வலிமை, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, 900 மெகாபாஸ்கல். ஈல்டு எப்போது தொடங்கும் என்பதைச் சொல்லும் டிரெஸ்கா விதிப்படி இதன் உட்சுவர் 378 மெகாபாஸ்கலிலேயே ஈல்டாகத் தொடங்கும். வெளி ஆரத்தை 200 மி.மீ. ஆக்கினால் எஃகு நான்கரை மடங்குக்கும் மேலாகச் செலவாகும், கிடைப்பதோ 432. சுவரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் 450-ஐத் தாண்டாது, ஏனென்றால் ஈல்டு வலிமையில் பாதிதான் அதன் உச்சவரம்பு. அழுத்தத்தின் சுமை உட்சுவரில் குவிகிறது. வெளிப்பக்கத்து உலோகம் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது.

வெளி உலோகத்தையும் வேலை வாங்கத்தான் உட்சுவரை முன்கூட்டியே அமுக்கத்தில் வைக்கிறோம். மரச்சக்கரத்தில் சுடச்சுட இரும்புப் பட்டையை ஏற்றுவது போல ஒரு உருளைமேல் இன்னொன்றைச் சூடேற்றிச் செருகுவது பழைய வழி. வெளி உருளை இல்லாமலே அதே பயனைத் தருவது ஆட்டோஃப்ரெட்டேஜ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பீரங்கித் துறையில் பிறந்தது. இயங்கு அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்தை ஒருமுறை கொடுத்து, உட்பக்கச் சுவரை வேண்டுமென்றே ஈல்டாக்கி, பிறகு அழுத்தத்தை இறக்குவார்கள். நிரந்தரமாக விரிந்துவிட்ட உட்பகுதியை, மீட்சியோடு சுருங்க முனையும் வெளிப்பகுதி நெரித்துப் பிடிக்கிறது. அந்த நெரிசல்தான் எச்சத் தகைவு.

மேலே சொன்ன உருளையில் சுவரின் பாதியை, அதாவது 70 மி.மீ. ஆரம் வரை, ஈல்டாக்க 733 மெகாபாஸ்கல் வேண்டும். இறக்கம் முழுவதும் மீட்சியோடு, அதாவது புதிய நிரந்தர உருமாற்றம் இல்லாமல், நடக்கிறது என்று பாடநூல் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் உட்சுவரின் வளையத் தகைவு, அதாவது சுற்றளவுத் திசைத் தகைவு, 846 மெகாபாஸ்கல் அமுக்கம், 70 மி.மீ. ஆரத்தில் 246 இழுவை. வெளிப்பரப்பில் 162 இழுவை. இதற்குப் பிறகு 400 மெகாபாஸ்கலில் இயக்கினால் அழுத்தத்தால் உட்சுவரில் வரும் 552 இழுவையைக் கழித்தும் 293 அமுக்கம் மிச்சம் நிற்கும். தாளில் பார்க்க மிக நல்ல கணக்கு.

ஆனால் 846 என்ற எண் அந்த எஃகில் நிற்காது. இழுவையில் ஒருமுறை ஈல்டான எஃகு, திசை மாறி அமுக்கத்துக்கு வரும்போது பழைய வலிமையோடு எதிர்நிற்பதில்லை. வெகு முன்னதாகவே இளகுகிறது. 1880-களில் மூனிக்கில் யோஹான் பௌஷிங்கர் கண்டறிந்த விளைவு இது. 1966-இல் மில்லிகன், கூ, டேவிட்சன் ஆகிய மூவரும் அதிவலிமை எஃகில் இதை அளந்து வெளியிட்டார்கள். சிறிய இழுவைத் திரிபிலேயே (திரிபு என்பது நீளம் மாறும் விகிதம்) அமுக்க ஈல்டு வலிமை செங்குத்தாகச் சரிந்து, ஏறத்தாழ 2% திரிபுக்குமேல் அதிகம் மாறாமல் நிலைகொள்கிறது. நம் உருளையின் உட்சுவரில் ஏற்படும் நிரந்தரத் திரிபு சுமார் 0.8%. அந்த அளவில் அமுக்க ஈல்டு வலிமை 900-க்குப் பாதியை ஒட்டி இறங்குவது இவ்வகை எஃகுக்கு இயல்பு. ஆகவே அழுத்தத்தை இறக்கும்போதே உட்சுவர் எதிர்த்திசையில் ஈல்டாகத் தொடங்கி, நாம் சேர்த்துவைக்க நினைத்த அமுக்கத்தில் ஒரு பகுதியைக் கைவிட்டுவிடுகிறது.

கடைசியில் தங்குவது ஈல்டு வலிமையில் 0.6 மடங்கு, அதாவது 540 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். 400-இல் இயங்கும்போது உட்சுவரில் 293 அமுக்கத்துக்குப் பதில் 12 இழுவை இருக்கும். பார்வைக்குச் சின்ன எண். ஆனால் உட்சுவர் விரிசலுக்குள் அழுத்த திரவமும் புகுந்து அதன் இரு முகங்களையும் தள்ளுகிறது. ஆழம் குறைந்த விரிசலுக்கு அது இன்னொரு 400 மெகாபாஸ்கல் இழுவைக்குச் சமம். ஆக, விரிசலைத் திறக்கும் தகைவு சூத்திரப்படி 107, உண்மையில் 412. விரிசல் வளரும் வேகம் இந்த எஃகுகளில் ஏறத்தாழத் தகைவின் மும்மடிக்கு விகிதமாகப் போகிறது. எனவே தொடக்க நிலையில் விரிசல் வளரும் வேகம் ஐம்பது மடங்குக்கும் மேல் பிசகுகிறது. விரிசல் ஆழமாகும்போது இந்த விகிதம் மாறும்; ஆனால் ஆயுளின் பெரும்பகுதி ஆழம் குறைந்த நிலையிலேயே கழிகிறது. எச்சத் தகைவில் மூன்றில் ஒரு பங்குப் பிழை கலனின் ஆயுளில் எத்தனை பெரிய பிழையாகிறது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

கணினி இதைச் சொல்லாதா? சரியான பொருள் மாதிரியைக் கொடுத்தால் சொல்லும். கலனைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் ஐசோட்ரோபிக் ஹார்டனிங் என்ற மாதிரியைத் தேர்ந்துவிட்டால், இழுவையில் ஈல்டான உலோகம் அமுக்கத்திலும் அதே அளவு வலுவாக நிற்கும் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். விடை பாடநூல் எண்ணை ஒட்டியோ, அதைவிடச் சாதகமாகவோ வரும். வண்ணப்படமும் அழகாக இருக்கும். ஈல்டு எல்லை இடம்பெயர்வதாக எடுத்துக்கொள்ளும், இரண்டு நேர்க்கோடுகளாலான கைனமேட்டிக் மாதிரிக்கு மாறினாலும் பெரிய பயன் இல்லை. இந்த எஃகுகளில் ஏற்றக்கோடு ஈல்டுக்குப் பின் கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது. அந்த மாதிரியோ மீட்சி எல்லையின் மொத்த அகலத்தை எப்போதும் ஈல்டு வலிமையின் இருமடங்காகவே வைத்திருக்கும். ஏற்றம் தட்டையாக இருந்தால் இறக்கத்தில் அமுக்க ஈல்டு 900-த்தை விட்டு அதிகம் அசையாது. தட்டையாக ஏறி, வளைந்து வளைந்து இறங்கும் உண்மையான நடத்தையைப் பிடிக்க, ஈல்டு எல்லையின் நகர்வைக் குறிக்கும் பல பின்தகைவுக் கூறுகள் கொண்ட ஷாபோஷ் வகை மாதிரியோ, அளந்த இறக்க வளைவை நேரடியாக உள்ளிடும் துணைநிரலோ வேண்டும்.

அந்த வளைவை அளப்பதில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். கலன் உருவாக்கப்பட்ட அதே ஃபோர்ஜிங்கின் (அடித்து உருவாக்கிய எஃகுக் கட்டியின்) முனை வளையத்திலிருந்து, சுற்றளவுத் திசையில், குட்டையான தடித்த மாதிரித் துண்டுகளை எடுக்க வேண்டும். நீளமானவை அமுக்கத்தில் வளைந்து நெளிந்துவிடும். ஒரு துண்டை 0.2% நிரந்தரத் திரிபு வரை இழுத்து அமுக்கத்துக்குத் திருப்ப வேண்டும், அடுத்ததை 0.4, பிறகு 0.8, பிறகு 1.2. ஏன் இத்தனை என்றால், சுவரின் ஒவ்வொரு ஆரத்திலும் திரிபு வேறு. நம் உருளையில் உட்சுவரில் 0.8% என்றால் 55 மி.மீ. ஆரத்தில் 0.25%, 70-இல் சுழியம். ஒவ்வொரு அடுக்கும் தனக்கான இறக்க வளைவில் இறங்குகிறது. ஒரே வளைவை எல்லா இடத்துக்கும் போட்டால் எதிர் ஈல்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதே தவறாகிவிடும். இறக்கத்தின் தொடக்கச் சரிவையும் கவனித்துக் குறிக்க வேண்டும்: ஏற்றத்தின்போது இருந்த மீட்சிக் குணகம் (தகைவுக்கும் மீளும் திரிபுக்குமான விகிதம்) இறக்கத்தில் சற்றுக் குறைந்தே வருகிறது.

இன்னொரு பொதுவான தவறு, ஆலைச் சான்றிதழில் உள்ள குறைந்தபட்ச ஈல்டு வலிமையைக் கணக்கில் போடுவது. வலிமைக் கணக்குக்கு அது பாதுகாப்பான பழக்கம். எச்சத் தகைவுக் கணக்குக்கு ஆபத்தானது. உண்மையான ஈல்டு 990 என்று இருந்து, 733 மெகாபாஸ்கலிலேயே ஆட்டோஃப்ரெட்டேஜ் செய்தால், ஈல்டாகும் ஆழம் 30 மி.மீ.க்குப் பதில் சுமார் 21.5 மி.மீ.யில் நின்றுவிடும். மறுபுறம், வெப்பப் பதப்படுத்தல் சரியாக அமையாமல் ஈல்டு 810 ஆகிவிட்டால் உருளை முழுவதும் ஈல்டாகும் அழுத்தமே 742-தான்; 733 என்பது அதன் வாசல். ஆகவே அழுத்த அளவை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யக்கூடாது. வெளிப்பரப்பில் சுற்றளவுத் திசையிலும் அச்சுத் திசையிலும் திரிபை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, அழுத்தத்தோடு சேர்த்து வரைந்துகொண்டே ஏற்ற வேண்டும். திரவத் தேர்வும் சின்ன விஷயமல்ல. இந்த அழுத்தங்களில் பல கனிம எண்ணெய்கள் கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அழுத்தமானி ஒன்றைக் காட்டும், கலனுக்குள் வேறொன்று இருக்கும். நீரே அறை வெப்பநிலையில் 900 மெகாபாஸ்கலை ஒட்டி உறைந்துவிடும்.

அந்த ஸ்ட்ரெய்ன் கேஜ் பதிவு செலவில்லாமல் கிடைக்கும் நல்ல சோதனையும்கூட. இரு முனைகளிலும் அச்சு விசை இல்லாத அமைப்பில், நம் உருளையின் வெளிப்பரப்பு உச்ச அழுத்தத்தில் சுமார் 2,100 மைக்ரோ திரிபும் (ஒரு மைக்ரோ திரிபு என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்), அழுத்தத்தை இறக்கிய பின் சுமார் 780-உம் காட்ட வேண்டும், விட்டத்தில் 0.16 மி.மீ. நிரந்தர விரிவு. எச்சத் தகைவு தனக்குள் சமநிலையில் இருப்பது. உள்ளே அமுக்கம் குறைந்தால் வெளியே இழுவையும் குறைந்தே தீரும். உச்சத்தில் 2,100 சரியாக வந்து, இறக்கியபின் 780 வராமல் கீழே நின்றால் உள்ளே எதிர் ஈல்டு நடந்திருக்கிறது என்று பொருள். உச்சத்திலேயே குறைந்தால் ஈல்டு வலிமை கணக்கைவிட அதிகம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைசி எண்ணை மட்டும் குறித்து வைப்பது பாதி வேலை. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் எஃகு 12 மைக்ரோ திரிபு நகரும் என்பதால், அழுத்தத்தை இறக்கியபின் கலன் ஆறும்வரை காத்திருந்துதான் இறுதி அளவை எடுக்க வேண்டும்.

இருந்தாலும் வெளிப்பரப்பு உட்சுவரை நேரடியாகச் சொல்வதில்லை. புதிய வடிவமைப்பிலோ, புதிய எஃகிலோ, ஒரு மாதிரி உருளையைப் பலி கொடுத்து அளப்பதற்கு மாற்று இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. சாக்ஸ் முறையில் வெளியே ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டிவிட்டு உள்துளையை அடுக்கடுக்காகக் குடைந்து எடுப்பார்கள். வெளித் திரிபு மாறும் வேகத்திலிருந்து நீக்கிய அடுக்கின் தகைவு கிடைக்கும். வேகத்தை, அதாவது சரிவை, எடுப்பதால் முதல் சில அடுக்குகளில் அளவீட்டுப் பிழை பெரிதாகிறது. நமக்கு வேண்டியதோ அந்த முதல் அடுக்குகள்தான். எனவே அங்கே அடுக்குகளை மெல்லியதாகவும், வெட்டுச்சூட்டைக் கட்டுப்படுத்தியும் எடுக்க வேண்டும். உலோகப் படிக அடுக்குகளின் இடைவெளி மாற்றத்தைக் கொண்டு தகைவை அளக்கும் எக்ஸ்-கதிர் விளிம்புவிலகல் மேற்பரப்பின் சில பத்து மைக்ரானுக்குள் நின்றுவிடும். துளையை மெருகிடும் ஹோனிங் கல் விட்டுச்சென்ற தகைவையே ஆட்டோஃப்ரெட்டேஜ் தகைவு என்று படித்துவிடும் அபாயம் அதில் உண்டு. நியூட்ரான் விளிம்புவிலகல் சென்டிமீட்டர் கணக்கில் எஃகை ஊடுருவும்; ஆனால் அதற்கு அணு உலையோ, துகள் முடுக்கியால் நியூட்ரான் உண்டாக்கும் ஸ்பாலேஷன் மூலமோ தேவை. வளையம் ஒன்றை வெட்டியெடுத்து ஆரத்தில் ஒரே பிளவு போட்டு, அது எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பது எளிய வழி. முழுச் சுவரும் ஈல்டான வளையத்துக்கு டிரெஸ்கா கணக்கில் அது ஈல்டு வலிமையை மீட்சிக் குணகத்தால் வகுத்து நான்கு பை-யால் பெருக்கிய ரேடியன். 900 மெகாபாஸ்கல் எஃகுக்கு ஏறத்தாழ 3.1 டிகிரி. குறைவாகத் திறந்தால் தகைவு இழக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த ஆழத்தில் இழந்தது என்பதை இந்த ஒரு கோணம் சொல்லாது. வளையத்தை வெட்டியெடுக்கும்போதே அச்சுத் தகைவு விடுபட்டு வளையத் தகைவும் சற்று மாறும் என்பதால், கணிப்பையும் முழு உருளைக்கு அல்லாமல் அதே வெட்டிய வளையத்துக்குப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டில் சறுக்கும் அறிக்கைகள் நிறைய.

அளவோடு ஒட்டிவந்த கணிப்பும், கலன் பட்டறைக்குத் திரும்பியதும் கெடலாம். உட்சுவர் அருகே தகைவுச் சரிவு மிகக் கடுமை. எங்கள் எடுத்துக்காட்டில், எதிர் ஈல்டு இல்லாத கணக்கிலேயே, முதல் 2 மி.மீ. ஆழத்தில் 846 அமுக்கம் 721 ஆகிவிடுகிறது. வடிவத்தைச் சரிசெய்ய ஆட்டோஃப்ரெட்டேஜுக்குப் பின் 2 மி.மீ. குடைந்தால், விலை கொடுத்து வாங்கிய அடுக்கைத்தான் சீவலாக எறிகிறோம். குடையும் வேலையை முன்பே ஏறக்குறைய முடித்துவிட்டு, பின்னால் மெல்லிய ஹோனிங் மட்டும் வைத்துக்கொள்வதே முறை. கணிப்பும் ஏற்றம், இறக்கம், உலோக நீக்கம், நீர் அழுத்தச் சோதனை, இயங்கு அழுத்தம் என்ற அதே வரிசையில் நடக்க வேண்டும். குறுக்குத் துளைகளின் விளிம்பில் தகைவு இரண்டரை முதல் மூன்று மடங்கு பெருகும். அவற்றை ஆட்டோஃப்ரெட்டேஜுக்கு முன்பே துளைத்து விளிம்பை உருட்டி மெருகேற்றினால் அந்த விளிம்புகளும் ஈல்டாகித் தம் பங்கு அமுக்கத்தைப் பெறும். பின்னால் துளைத்தால் அந்தப் பயன் கிடைக்காது. வெளிப்பரப்பில் மரையோ சாவிப்பள்ளமோ வெட்டும்போது அங்கே ஏற்கெனவே இழுவை தங்கியிருப்பதை மறந்துவிடக்கூடாது. எங்கள் உருளையில் சூத்திரப்படி 162. இயங்கும்போது அழுத்தம் இன்னொரு 152 சேர்க்கும். கூர்மையான பள்ள மூலையில் இது பல மடங்காகும். உட்சுவரையே பார்த்துக்கொண்டிருக்கையில் விரிசல் வெளியிலிருந்து தொடங்கும்.

சூடான கலன்களில் எச்சத் தகைவு காலப்போக்கில் தளர்வதும் உண்டு. இயங்கு வெப்பநிலை எஃகின் டெம்பரிங் (கடினப்படுத்தியபின் மீண்டும் சூடாக்கும்) வெப்பநிலையை நெருங்க நெருங்கத் தளர்வு கூடும். பற்றவைப்பால் வரும் எச்சத் தகைவு வேறு கதை, அதற்கு வேறு சிகிச்சை. இங்கே அதைக் கலக்க வேண்டியதில்லை.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக் கலன் விதித்தொகுப்பில் எட்டாம் பகுதியின் மூன்றாம் பிரிவு 1997-இல் வெளிவந்தது. பொதுவாக 10,000 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 70 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட கலன்களுக்கானது. ஆட்டோஃப்ரெட்டேஜ் வடிவமைப்புக்கு அதில் கேடி-5 என்ற தனி அத்தியாயமே இருக்கிறது. பௌஷிங்கர் விளைவுக்கான திருத்தமும் அங்கே இடம்பெறுகிறது. எனவே இது ஆய்வகத்துக்குள் அடங்கிய நுட்ப வாதம் அல்ல, நடைமுறை விதி. ஆனால் அந்த விதியின் திருத்தம் பல எஃகுகளுக்கும் பொதுவாகப் பொருந்த எழுதப்பட்டது. குறிப்பிட்ட ஓர் எஃகை, குறிப்பிட்ட ஒரு திரிபில் அளந்த வளைவுக்கு அது ஈடாகாது. ஆயுள் ஆயிரக்கணக்கான சுற்றுகளாக (ஒருமுறை அழுத்தம் ஏறி இறங்குவது ஒரு சுற்று) எதிர்பார்க்கப்படும் கலனுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்து, குறைவான அமுக்கத்தைத் தரும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் நிலை.

இத்தகைய கலனை வாங்குவோரும் இயக்குவோரும் தங்கள் வாசகர்களிடையே இருக்கக்கூடும். தயாரிப்பாளர் தரும் ஆவணத்தில் "எச்சத் தகைவு இவ்வளவு" என்ற ஒற்றை எண் இருந்தால் அதோடு நின்றுவிட வேண்டாம். அந்தக் கணக்கில் போட்ட ஈல்டு வலிமை சான்றிதழின் குறைந்தபட்சமா, அந்த ஃபோர்ஜிங்கிலேயே அளந்ததா? இறக்கத்துக்கு எந்தப் பொருள் மாதிரி? ஆட்டோஃப்ரெட்டேஜின்போது எடுத்த வெளிப்பரப்புத் திரிபுப் பதிவு எங்கே, உச்சத்திலும் இறக்கத்திலும் கணிப்போடு எவ்வளவு ஒத்துப்போனது? அதன்பின் உள்துளையில் எத்தனை மி.மீ. நீக்கப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைக்காத கலனின் ஆயுளைக் கணக்கிடும்போது, உட்சுவரில் அமுக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டு, அடுத்த பழுதுச் சோதனைக்கான சுற்று எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைத்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயர் அழுத்தக் கலன் வடிவமைப்பிலும் தகைவு அளவீட்டிலும் பணிபுரியும் பொறியாளர்கள்